லப்டொப்பைத் திருத்தக் கொடுக்குமுன் டிஸ்க்கைக் கழற்றி எடுங்கள்

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கம் லப்டொப் திருத்தக் கொடுக்க இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டுக் கொடுங்கள். ஏ9 வீதியோரம் உள்ள ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு போட்டிருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும்.

நான் சின்னதாக ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம் இதுதான் வேலை. ஆகவே என் லப்டொப்பில் இருந்தது என் வீட்டுப் படங்கள் மட்டுமில்லை. ஊர்ச் சனத்தின் அடையாள அட்டைப் பிரதி, காணி பெர்மிட், பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் அதில் இருந்தன. 2009இல் உடுத்த உடுப்போடு நடந்த சனம் இது. பொலித்தீன் பையில் சுற்றிக் காப்பாற்றிய ஒற்றைப் படத்தைக் கொண்டுவந்து, "இதைக் கொஞ்சம் பெரிசாக்கித் தா பிள்ளை" என்று கேட்பார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியில் போராடும் அம்மாக்களில் சிலர், இதுவரை எந்தெந்த அலுவலகத்துக்கு என்னென்ன எழுதிக் கொடுத்தார்கள் என்ற பிரதிகளையும் என்னிடம்தான் ஸ்கேன் பண்ணி வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் வெயில் ஏறியதும் லப்டொப் வேலை நடுவில் தானாக நிற்கத் தொடங்கியது. கடைக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்த தம்பி ஓன் பண்ணிப் பார்த்துவிட்டு உடனேயே சொன்னார்: "போர்ட் போயிட்டுது அக்கா. மின்னல் அடிச்சிருக்கும்." சித்திரை இடிமின்னலில் எங்கள் ஊரில் போர்ட்டும் (மெஷினின் தாய்ப்பலகை) ரவுட்டரும் எரிவது நடக்கிற காரியம்தான். அதனால்தான் இந்தப் பொய் இங்கே இவ்வளவு நன்றாக விற்கிறது.

பாஸ்வேர்ட் கேட்டார்கள். "உள்ள போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்கள். அதை மார்க்கரால் ஒரு துண்டில் எழுதி லப்டொப்பின் முதுகில் ஒட்டினார்கள். பக்கத்துத் தட்டில் இருந்த மற்ற லப்டொப்களிலும் அப்படியே பெயர், போன் நம்பர், பாஸ்வேர்ட். கடைக்கு வருகிற யாரும் நின்று வாசிக்கலாம்.

ஒரு கிழமைக்கு மேல் வைத்திருந்து தந்தார்கள். போர்ட் வேலைக்கு 22,000 ரூபாய். "டிஸ்க்கும் செத்துப்போச்சு, புதுசு போட்டிருக்கு" என்று இன்னொரு 16,000. பற்றுச்சீட்டு கேட்டதற்கு "புக் முடிஞ்சுது அக்கா" என்றார்கள். வீட்டுக்கு வந்து ஓன் பண்ணினால், அன்று பின்னேரமே பழையபடி நின்றுபோனது.

அறிவியல் நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து, என் கண்முன்னால் அடிமூடியைக் கழற்றினார். விசிறிக் காற்று வெளியே போகிற செப்புத் தகடுகளின் இடையில் செம்புழுதி கம்பளி போல் அடைத்துக் கிடந்தது. கிரவல் ரோட்டுக் கரையில் கடை வைத்திருக்கிற எல்லோருடைய மெஷினிலும் இது இருக்கும். சிப்பின் மேல் பூசியிருந்த, சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்காகியிருந்தது. சூடு வெளியே போக வழியில்லாததால், சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷினை நிறுத்தியிருக்கிறது. அவ்வளவுதான் பழுது. போர்டில் எங்குமே ஈயம் வைத்த அடையாளம் இல்லை. கொம்பனி ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழியவில்லை.

ரெண்டு 8 ஜிபி ராம் (நினைவகத் துண்டு) இருந்த இடத்தில் ஒன்றுதான் இருந்தது. "புது" டிஸ்க்கை, அதாவது கோப்புகள் எல்லாம் சேமிக்கப்படும் எஸ்எஸ்டியை, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தோம். ஒரு டிஸ்க் மொத்தம் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று அந்த டிஸ்க்கே கணக்கு வைத்திருக்கும், மென்பொருள் அதைக் காட்டும். 11,000 மணித்தியாலத்துக்கு மேல் காட்டியது. இரவுபகலாக ஒரு வருடத்துக்கும் மேல் எங்கோ உழைத்த டிஸ்க்கை எனக்குப் புதிதென்று விற்றிருக்கிறார்கள்.

காசு போனதைப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது வேறு. என்னுடைய கோப்புகள் எல்லாம் ஒன்றுவிடாமல் இந்த டிஸ்க்கில் இருந்தன. செத்துப்போன டிஸ்க்கிலிருந்து இவ்வளவையும் இவ்வளவு சுத்தமாக எப்படிக் கொப்பி பண்ணினார்கள்? பழைய டிஸ்க் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டார்கள், உள்ளே இருந்ததெல்லாவற்றோடும். விண்டோஸில் அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியல் இருக்கும் அல்லவா, அதில் லப்டொப் கடையில் இருந்த நாட்களில் தங்கச்சியின் கலியாண வீட்டுப் படங்கள் வரிசையாகத் திறக்கப்பட்டிருந்தன. விசிறி திருத்த, மணப்பெண்ணின் படத்தை எதற்குப் பார்க்கவேண்டும்?

திரும்பப் போய்க் கேட்டேன். முதலாளி ஏறிட்டும் பார்க்கவில்லை. "பழசெல்லாம் கொழும்புக்கு ஸ்கிராப்பா ஏத்தியாச்சு தங்கச்சி, இனி எங்க தேடுறது?" ராமுக்கென்று கொஞ்சம் காசு நீட்டினார். டிஸ்க் வரவில்லை.

இது எங்கள் ஊர்க் குணம் என்று நினைக்கவேண்டாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வொன்றில், செயல்களை இரகசியமாகப் பதிவு செய்யும் லப்டொப்களை 16 திருத்தக் கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு இடங்களில் வாடிக்கையாளரின் சொந்தக் கோப்புகளை நோண்டியிருந்தார்கள். அதில் இரண்டு இடங்களில் வெளியேயும் கொப்பி எடுத்திருந்தார்கள். வெறும் பற்றரி மாற்றக் கொடுத்தால்கூடப் பெரும்பாலான கடைகள் பாஸ்வேர்ட் கேட்டன என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

என்னிடம் ஆவணம் தந்தவர்களுக்கு நான் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். வங்கிப் புத்தகம் தந்தவர்களை வங்கியில் அறிவிக்கச் சொன்னேன். மகனைத் தேடும் ஒரு அம்மா நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவன்ர படம் உன்னட்ட இன்னும் இருக்குத்தானே பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது அம்மா என்றேன். அந்தப் படம் இன்னொருவன் கையிலும் இருக்கிறது என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மெஷினை மட்டும் கொடுங்கள். அனேகமான லப்டொப்களில் அடிமூடியின் ஸ்குரூக்களைக் கழற்றினால், சூயிங்கம் பக்கற் அளவில் ஒரு எஸ்எஸ்டி ஒரே ஒரு ஸ்குரூவில் நிற்கும். முதலில் பற்றரி வயரைக் கழற்றுங்கள், அப்புறம் டிஸ்க்கை. சூடு, விசிறி, திரை, சார்ஜர் பின், கீபோர்ட் என எந்தப் பழுதைப் பார்க்கவும் உங்கள் டிஸ்க் தேவையில்லை. சோதிக்க வேண்டுமென்றால் அவர்களே ஒரு பென்டிரைவில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுச் சோதிக்கலாம். "டிஸ்க் இல்லாமல் பாக்கேலாது" என்று சொல்கிற கடையிலிருந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். டிஸ்க் போர்டோடு ஒட்டிய மாடல் என்றால் பிட்லொக்கர் அல்லது வெராகிரிப்ட் என்ற மென்பொருளைப் போட்டு டிஸ்க்கைப் பூட்டி வையுங்கள், பாஸ்வேர்டைச் சொல்லாதீர்கள். கொடுக்குமுன் ராம், டிஸ்க் இரண்டின் சீரியல் இலக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பற்றுச்சீட்டை விடாதீர்கள். பொருள் விற்பவர், கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆகவேண்டும் என்று 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். அனுமதியில்லாமல் ஒருவரின் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் வரும், அதற்குப் பொலிஸுக்குப் போகலாம்.

புழுதி துடைப்பதற்குக் கடையே வேண்டாம். ஒரு நல்ல ஸ்குரூ டிரைவர், ஒரு தூரிகை, ஒரு சின்னக் குழாய் தேர்மல் பேஸ்ட் போதும். காற்று அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பழுதாகும். பக்கத்து வீட்டுத் தம்பி அப்படித் துடைத்த பிறகு என் லப்டொப் ஒருநாளும் நிற்கவில்லை.

பழைய லப்டொப் வாங்குபவர்களுக்கும் ஒன்று. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் தந்த வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. அதனால் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் மெஷின்களில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றி, "லேட்டஸ்ட்" என்று விற்கிறார்கள். விண்டோஸ் 11க்கு, சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மெஷினை மலிவாக வாங்கி லினக்ஸ் போடுவது என்றால் தாராளமாக வாங்கலாம், புது மெஷின் விலைக்கு வாங்காதீர்கள். ராமும் டிஸ்க்கும் கழற்றக்கூடிய மாடலாகப் பாருங்கள். அலுவலகங்களுக்கென்று செய்த மாடல்கள் தடிப்பாக, அழகில்லாமல் இருக்கும். ஆனால் எந்த ஸ்குரூ எங்கே என்று காட்டும் கையேட்டைக் கொம்பனியே இலவசமாகப் போட்டிருக்கும். மெல்லிசான வெள்ளி நிற மெஷினை விட எனக்கு அதுதான் பெரிது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாராவது பாவித்த 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, அதில் "காணி", "சனத்தின் ஸ்கேன்", "அம்மாக்கள்" என்ற பெயர்களில் கோப்புறைகள் இருந்தால், தயவுசெய்து திறக்காதீர்கள். எனக்கு ஒரு செய்தி போடுங்கள். நீங்கள் கொடுத்த விலையைத் தந்து, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.