3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய் போய்விட்டது: பொதுக் கட்டடம் கட்டவிருக்கும் சங்கங்களின் கவனத்துக்கு

எங்கள் கட்டடத்துக்கு வரைபடம் கீறப் பணம் வாங்கிய வடிவமைப்பாளர், நேற்று மாலை எங்கள் தொலைபேசி இலக்கங்கள் அனைத்தையும் தடை செய்துவிட்டார். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எங்கள் நலன்புரிச் சங்கத்துக்குப் பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் ஒரு காணி இருக்கிறது. போரில் கால் இழந்தோருக்கும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கும் ஓர் இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையம், அதன் மாதச் செலவுக்கு வாடகை தரும் நான்கு கடைகள், இரண்டும் ஒரே கட்டடத்தில் என்று தீர்மானித்தோம். வடிவமைப்பாளர்களை அறிமுகப்படுத்தும் ஓர் இணையத்தளத்தில் அவரைக் கண்டோம்.

மூன்றாம் நாளே வண்ணப் படம் ஒன்றை அனுப்பினார். கடைகளுக்கு நடுவிலுள்ள வாசலால் ஒரு பெண் சக்கர நாற்காலியில் சிரித்தபடி உள்ளே போவதாக அதில் இருந்தது. 2009 முதல் மகனைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பராமரிக்கும் எங்கள் பொருளாளர் அம்மா, அந்தப் பெண்ணை இரண்டு விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, “இவர் எங்களை விளங்கினவர், காசைப் போடுங்கோ” என்றார். புலம்பெயர் உறவுகள் அனுப்பியதும் ஊரவர் நெல் விற்றுத் தந்ததுமான 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாயை, ஒப்பந்தம் எதுவும் எழுதாமல், அன்றே அவரது கணக்கில் வைப்பிலிட்டோம்.

இரண்டு மாதத்தின் பின் வந்த வரைபடத்தில் வீதிப்பக்கம் முழுவதும் கடைகள். இயன்மருத்துவ நிலையமோ மேல்மாடியில், ஏறுவதற்குப் படிக்கட்டு மட்டும். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்த 2018 டிசெம்பர் வெள்ளத்தை நினைத்து, தரையை இரண்டரை அடி உயர்த்தச் சொல்லியிருந்தோம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் அதற்கு 30 அடிச் சாய்தளம் வேண்டும். அவர் கீறியிருந்தது ஆறடி. அதில் ஏற்றினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். தகுதிபெற்ற கட்டடக் கலைஞரின் ஒப்பம் இல்லையென்று பிரதேச சபையில் விண்ணப்பத்தையே ஏற்கவில்லை.

கேட்டபோது முதலில் “கொழும்பில் நிற்கிறேன்” என்றார். பிறகு கணினி பழுது என்றார். பிறகு திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார். இணையத்தளமோ, பணம் தங்கள் ஊடாகச் செலுத்தப்படாததால் பொறுப்பில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய், நான்கு கடைகளின் அத்திவாரத்துக்கென்று நாங்கள் ஒதுக்கிய பணம்!

காணியை நேரில் வந்து பார்க்காதவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர் பதிவுபெற்றவரா என்று இலங்கைக் கட்டடக் கலைஞர்கள் நிறுவகத்தில் விசாரியுங்கள். வண்ணப் படத்துக்கு முன் தளப்படத்தைக் கேளுங்கள், பணத்தைத் தவணையாகக் கொடுங்கள். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். வங்கிச் சிட்டையுடன் நாளை காலை பொலிஸ் நிலையம் போகவேண்டும்.