புள்ளி விழாத பெட்டி: பைண்டிங்கோடு ஒன்பது வருடம்

2015-இல் கொழும்பு பழைய சோனகத் தெருவில் இருக்கும் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஆணி, கம்பி, பெயின்ட், பூட்டு என்று இறக்குமதி செய்து விற்கிற கடை. இன்றைக்கும் அங்கே அதே மென்பொருள்தான் ஓடுகிறது. இடையில் நான் அதை மூன்று தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். முழுவதும் டபிள்யூ.பி.எஃப்.-இல், அதாவது விண்டோஸ் மென்பொருளுக்குத் திரை அமைக்க மைக்ரோசொஃப்ட் தரும் கருவியில், எழுதியது. திரையில் உள்ள பெட்டியையும் உள்ளே இருக்கும் தரவையும் இணைத்துவைக்கும் அதன் டேட்டா பைண்டிங்கோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதைத்தான் எழுதப்போகிறேன்.

அதற்கு முன்னால் நான் எழுதியதெல்லாம் அதற்கும் மூத்த கருவியான வின்ஃபோர்ம்ஸ். அதிலும் பைண்டிங் உண்டு, ஆனால் நான் தொட்டதில்லை. போர்ம், அதாவது திரையில் நிரப்பும் படிவம், திறக்கும்போது ஒவ்வொரு பெட்டியிலும் மதிப்பைக் கொண்டுபோய் வைப்பேன், சேமிக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பி எடுப்பேன். முப்பது பெட்டி என்றால் அறுபது வரி. புதிதாக ஒரு பெட்டி சேர்த்தால் இரண்டு இடத்திலும் எழுத வேண்டும். ஒரு இடத்தில் கட்டாயம் மறந்துபோகும். டபிள்யூ.பி.எஃப். வந்தது 2006-இல். நான் அதற்குள் நுழைய ஒன்பது வருடம் ஆனது. பெட்டியையும் மாடலில் (மென்பொருள் தரவை உள்ளே வைத்திருக்கும் பகுதி) உள்ள மதிப்பையும் ஒரு கயிற்றால் கட்டிவிட்டால் போதும், இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் அசையும் என்றார்கள். உண்மைதான். ஆனால் கயிறு எப்போது இழுபடுகிறது என்பதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை. பிறகு எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாதி அந்த 'எப்போது'வுக்குள்ளேதான் இருந்தது.

டெக்ஸ்ட்பொக்ஸில், அதாவது எழுத்துத் தட்டும் பெட்டியில், தட்டிய எழுத்து உடனே மாடலுக்குப் போவதில்லை. கர்சர் அந்தப் பெட்டியை விட்டு வெளியேறும்போதுதான் போகும். வழக்கமான அமைப்பு அதுதான். எனக்கோ தட்டத் தட்ட கீழே மொத்தத் தொகை மாற வேண்டும் என்று ஆசை. பார்க்க அழகாக இருக்குமே! அதனால் ஒவ்வொரு விசைக்கும் மாடலைப் புதுப்பிக்கும்படி மாற்றினேன். முதல் வாரமே கடையின் கணக்குப்பிள்ளை அழைத்தார்.

"தம்பி, ஆணி இரண்டரைக் கிலோ போடுறன், புள்ளி விழுதில்லை."

போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 2 தட்டினார், விழுந்தது. புள்ளி தட்டினார், ஒன்றும் இல்லை. 5 தட்டியதும் 25 ஆனது. நடந்தது இதுதான்: '2.' என்று தட்டிய கணத்திலேயே அது எண்ணாக மாறி மாடலுக்குள் போகிறது. மாடல் அதை 2 என்று வைத்துக்கொள்கிறது, அந்த 2 திரும்பிவந்து பெட்டியில் உட்காருகிறது. புள்ளி காலி. டபிள்யூ.பி.எஃப். ஓடும் தளமான டொட்நெட்டின் 4.5 பதிப்பிலிருந்து தசம எண்ணோடு கட்டிய பெட்டி அப்படித்தான் நடந்துகொள்ளும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது. நான் வரும்வரை அவர் வேலையை நிறுத்தவில்லை. 25 என்று தட்டிவிட்டு, அம்புக்குறி விசையால் ஒரு இடம் பின்னால் போய், நடுவில் புள்ளியைச் செருகியிருக்கிறார். அப்படிச் செய்தால் 2.5 நிற்கிறது. அன்றைக்கே எண் பெட்டிகள் எல்லாவற்றையும் பழையபடி, கர்சர் வெளியேறும்போது மட்டும் புதுப்பிக்கும்படி மாற்றினேன். அழகு போனால் போகட்டும்.

அப்புறம் அந்த மாற்றமே இன்னொரு வம்பைக் கொண்டுவந்தது. சேமிக்கும் பட்டனை மேலே டூல்பாரில் வைத்திருந்தேன். டபிள்யூ.பி.எஃப்.-இல் டூல்பார் தனக்கென்று தனி ஃபோகஸ் (கர்சர் நிற்கும் இடம்) எல்லை வைத்திருக்கிறது. அதில் உள்ள பட்டனை அழுத்தினால், பெட்டி ஃபோகஸை இழந்ததாகவே கணக்கில் வராது. கடைசியாக விலையைத் திருத்திவிட்டு நேரே பட்டனை அழுத்தினால் திரையில் புது விலை, தரவுத்தளத்தில் பழைய விலை. பெயின்ட் வாளி ஒன்று ஒரு மாதம் பழைய விலைக்கே போயிருக்கிறது. முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரு தேநீரை மட்டும் நீட்டினார். அதுதான் கூடச் சுட்டது. சேமிக்கும் முன் கர்சர் நிற்கும் பெட்டியின் மதிப்பைக் கட்டாயமாக மாடலுக்குத் தள்ளும் நாலு வரியை எழுதினேன். இன்றைக்கும் நான் தொடங்கும் எந்த வேலையிலும் முதலில் ஒட்டுவது அந்த நாலு வரியைத்தான்.

திகதி விஷயம் வேறு மாதிரி. கணினியின் அமைப்பில் நாள்தான் முதலில் இருந்தது. ஆனால் பைண்டிங்கில் திகதிக்கு வடிவம் கொடுத்தால், நாமாகச் சொல்லாதவரை அது கணினியைக் கேட்காமல் அமெரிக்க முறையையே எடுத்துக்கொள்ளும், அதாவது மாதம் முதலில். பழைய சோனகத் தெரு வியாபாரம் பாதி, பிந்திய நாள் போட்டுக் கொடுக்கும் செக்கில் நடப்பது. ஜூன் 5-க்கு உரிய செக் ஒன்று நினைவூட்டல் பட்டியலில் 6/5 என்று நின்றது. மே 6-ஆம் திகதி காலையிலேயே பையன் வாடிக்கையாளரை அழைத்து "காசு வைச்சிட்டீங்களா" என்று கேட்டுவிட்டான். மானப் பிரச்சினை! முதலாளியே நேரில் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டியதாயிற்று. திருத்தம் என்னவோ மென்பொருள் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு வரி.

இதையெல்லாம்விட எனக்கு ஆகாதது பைண்டிங்கின் ஊமைக்குணம். மாடலில் ஒரு பெயரை மாற்றிவிட்டுத் திரைப் பக்கம் மாற்ற மறந்தால் மென்பொருள் விழாது, கத்தாது. அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். நான் மென்பொருள் எழுதும் விஷுவல் ஸ்டூடியோவின் அவுட்புட் சாளரத்தில் மட்டும் ஒரு வரி ஓடியிருக்கும். கடையில் அதை யார் பார்ப்பது? ஒருதடவை பட்டியலில் கையிருப்பு நிரல் (column) இப்படி வெறுமையாகப் போனது. இரண்டு நாள் பூட்டு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் "முடிஞ்சுது" என்று பதில். பூட்டு பெட்டி பெட்டியாக மேல்மாடியில். இப்போது அந்தப் பிழை வரிகளை ஒரு கோப்பில் எழுதிவைக்கிறேன், என்னுடைய கணினியில் ஓடும்போது ஒன்று வந்தாலும் மென்பொருளையே நிறுத்திவிடுகிறேன்.

குறையாகவே சொல்கிறேன், சரி, 2022-க்கு வருகிறேன். மின்வெட்டு மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை போன காலம். பாதி எழுதிய பில் அப்படியே போய்விடும். ஒவ்வொரு மாற்றத்தையும் மாடல் தானே அறிவிக்கிறதே, அந்த அறிவிப்பைப் பிடித்து, அரை விநாடி பொறுத்து, வரைவை எஸ்.கியூ.லைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் எழுதினேன். இருபது வரிகூட இல்லை, ஒரு போர்மையும் தொடவில்லை. பழைய வின்ஃபோர்ம்ஸ் முறையில் என்றால் முப்பது பெட்டிக்கும் தனித்தனியாக அழுதிருப்பேன்.

அதே வருடம்தான் வற் (பெறுமதி சேர்) வரியும் ஆடியது. ஜூன் 1-இல் 8-இலிருந்து 12 வீதம், செப்டெம்பர் 1-இல் 15, பிறகு 2024 ஜனவரி 1-இல் 18. ஜூனில் நான் மாட்டிக்கொண்டேன். வீதத்தைப் பொதுவான ஒரே இடத்தில் வைத்திருந்ததால், மே மாத பில்லை மறுபடி அச்சடிக்கத் திறந்தால் கயிறு தன் வேலையைச் செய்து 12 வீதத்தில் கணக்குப் போட்டுக் காட்டியது. தப்பு பைண்டிங்கில் இல்லை, மாடலில். வீதத்தை பில்லின் திகதியோடு சேர்த்தேன். அதன் பிறகு இரண்டு மாற்றத்துக்கும் அட்டவணையில் ஒவ்வொரு வரி சேர்த்ததோடு சரி. 2023 டிசம்பர் 31 இரவு வெள்ளவத்தையில் வீட்டில் நிம்மதியாக வெடிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இடையில் லினக்ஸ் கணினிக்காக பைதன் மொழியில், திரை அமைக்கும் இன்னொரு கருவியான க்யூட்டியும் எழுதிப் பார்த்தேன். அங்கே இந்த வேலைக்கு க்யூ டேட்டா விஜெட் மேப்பர் என்று ஒன்று இருக்கிறது. எந்த நிரல் எந்தப் பெட்டிக்கு என்று சொல்லிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். சேமி என்றால்தான் சேமிக்கும்படியும் வைக்கலாம், அது எனக்குப் பிடித்தது. ஆனால் வாடிக்கையாளர் போர்மில் பெயர், தொலைபேசி, முகவரி மூன்றையும் மாற்றிச் சேமித்தால் பெயர் மட்டும் பதிவானது. ஒரு மாலை முழுக்கத் தேடினேன். என் மாடல் ஒரு கட்டம் மாறினாலும் 'முழு வரிசையும் மாறிவிட்டது' என்று அறிவித்துக்கொண்டிருந்தது. மேப்பர் பெயரைச் சேமித்த உடனே அந்த அறிவிப்பை நம்பி மற்ற இரண்டு பெட்டியிலும் பழைய மதிப்பை நிரப்பி, அடுத்து அந்தப் பழையதையே சேமித்தது. மாறிய கட்டத்தை மட்டும் அறிவிக்க வைத்ததும் சரியானது.

இப்போதெல்லாம் காட்டுவதற்கு பைண்டிங்கைத் தாராளமாக விடுகிறேன். திருத்துகிற போர்மில் மட்டும் அசல் பொருளைக் கட்டுவதில்லை. ஒரு நகலைக் கட்டி, சேமி என்றதும் சரிபார்த்து அசலுக்கு மாற்றுகிறேன். ரத்து என்றால் நகலைத் தூக்கி எறிந்தால் முடிந்தது. கொஞ்சம் கூடுதல் எழுத்துவேலை, ஆனால் இரவில் தொலைபேசி வருவதில்லை.

போன மாதம் கடைக்குப் போனபோது கணக்குப்பிள்ளை பில் போட்டுக்கொண்டிருந்தார். ஆணி, இரண்டரைக் கிலோ. 25 என்று தட்டி, ஒரு இடம் பின்னால் போய், புள்ளியைச் செருகினார். "ஐயா, அது எப்பவோ சரியாப் போச்சு, நேராவே அடிக்கலாம்" என்றேன். "தெரியும் தம்பி, கை பழகிட்டுது" என்று அடுத்த வரிக்குப் போனார்.