வாக்கிடாக்கிக்கு எந்தப் பூட்டு? ஏற்காட்டுத் தோட்டத்தில் பார்த்தவரை

காப்பிப் பழம் எடுக்கும் நாட்களில் எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டு டிஎம்ஆர் (டிஜிட்டல் வகை வாக்கிடாக்கி) செட்டுகள் ஓடும். ரைட்டர் (தோட்டக் கணக்கர்), மேஸ்திரி, இரவு வாட்ச்மேன் என்று ஒரே செட் ஒரு நாளில் மூன்று கை மாறும். போன சீசனில் யாரோ மெனுவுக்குள் புகுந்து ஸோனை (சேனல் தொகுப்பை) மாற்றிவிட, கீழ்ச்சரிவு மேஸ்திரி அரை நாள் ஊமையாக நின்றார். அதற்கப்புறம்தான் எந்தப் பூட்டு நமக்கு ஒத்துவரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

கீபேட் லாக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சட்டைப்பையில் தானாக அழுந்தாமல் இருக்கும், அவ்வளவே. திறக்கும் வழி எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது, செட்டை ஆன் செய்ததும் கேட்கும் நான்கு இலக்கக் கடவுச்சொல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டோரோலாவின் டிஎம்ஆர் வகையில் மூன்று முறை தப்பாகப் போட்டால் செட் 15 நிமிடம் பூட்டிக்கொள்ளும். பூட்டியிருக்கும்வரை அவசர அழைப்புகூட வந்து சேராது. இருட்டில், பனியில், எதிரே காட்டெருமை நிற்கும்போது வாட்ச்மேன் எண்ணை நினைவுபடுத்திக்கொண்டு நிற்பாரா? அலுவலகத்தில் ஒரே ஆள் வைத்திருக்கும் செட்டுக்கு வேண்டுமானால் சரி. மலையில் எனக்கு வேண்டாம்.

நான் தேடியது பேச்சைத் தடுக்கும் பூட்டு அல்ல, அமைப்பை மாற்றுவதைத் தடுக்கும் பூட்டு. அது செட்டில் இல்லை, கணினியில் புரோகிராம் போடும் மென்பொருளில் இருக்கிறது. மெனுவில் எது தெரியவேண்டும், எது கூடாது என்று அங்கே ஒவ்வொன்றாக டிக் அடிக்கலாம். வாட்ச்மேன் செட்டில் ஒலியளவு, சேனல் குமிழ், அவசரப் பொத்தான் மட்டும் விட்டேன். மேஸ்திரிக்குத் தொடர்புப் பட்டியல் கூடுதல். ரைட்டர் செட்டில் மட்டும் முழு மெனு. லாரி ஓட்டுபவருக்கு அலுவலக சேனல் கேட்க மட்டும். அதில் பேச முடியாது. எல்லாச் செட்டிலும் தொடர்ந்து 60 நொடி பேசினால் தானே துண்டிக்கும்படி வைத்தாயிற்று, கதையளப்பவர்களுக்காக. திரையில்லாத செட்டில் பாதி வேலை மிச்சம்: நோண்ட மெனுவே கிடையாது. குமிழின் 16 இடங்களிலும் ஒரே சேனலைப் போட்டுவிட்டால் எப்படித் திருப்பினாலும் வழி தவறாது.

செட் தொலைந்தால்? அதற்குத்தான் ‘ஸ்டன்’. ரைட்டர் செட்டிலிருந்து கட்டளை அனுப்பினால் தொலைந்த செட் செயலிழக்கும். அணைத்துப் போட்டாலும் உயிர் வராது. ஆனால் அந்த நேரத்தில் அது ஆன் ஆகி, நம் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். எடுத்தவன் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு சேலம் இறங்கிவிட்டால் கட்டளை காற்றோடு போகும். இருந்தாலும் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

பேச்சோடு சேர்ந்து போகும், காதில் விழாத சிடிசிஎஸ்எஸ் டோனைப் பெட்டியில் ‘பிரைவசி கோட்’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். அது நம் காதுக்குத்தான் கதவு: அந்த டோன் இல்லாத பேச்சு நம் செட்டில் கேட்காது. டோன் போடாத செட்டில் அடுத்தவன் எல்லாவற்றையும் கேட்பான். 16 எண்கள் கொண்ட டிஎம்ஆர் கலர் கோடும் அப்படித்தான், ரகசியம் இல்லை. ஒட்டுக்கேட்பது கவலை என்றால் பேச்சையே மறையாக்கும் என்கிரிப்ஷன் வேண்டும், அது தனிக் கதை. 446 மெகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளும் சின்னச் செட்டுகளில் பெரும்பாலும் கீபேட் லாக்கும் டோனும்தான். ரிப்பீட்டரோடு எங்களைப்போல் ஓட்ட உரிமம் எடுத்தாகவேண்டும்.

மெனுவை எவ்வளவு குறுக்கினாலும், கேபிளும் மென்பொருளும் வைத்திருப்பவன் எல்லாவற்றையும் திருப்பி எழுதிவிடுவான். அதனால் கடைசியாகப் புரோகிராமுக்கே ஒரு கடவுச்சொல். இதில்தான் எனக்கு அடி. முதலில் புரோகிராம் போட்டுத் தந்த கடைக்காரர் தன் கடவுச்சொல்லை வைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு சேனல் மாற்றப் பன்னிரண்டு செட்டையும் மூட்டை கட்டி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிப்போய் நிற்கவேண்டியதாயிற்று. இப்போது கடவுச்சொல் எங்களுடையது. சம்பளப் பேரேட்டின் பின் அட்டையில் எழுதி, ரைட்டர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.