தோற்றவள் அடுத்த வாரம் எங்கே? ஸ்டார்டம், டபிள்யூடபிள்யூஈ, ஏஇடபிள்யூ: ஒரு பெண்ணிய ஒப்பீடு

யார் வெல்வார் என்று முன்பே முடிவுசெய்து கதையோடு ஆடும் ரெஸ்லிங்கைப் பெண்ணியம் பேசுகிறவர் ரசிக்கலாமா என்று கேட்டால், தாராளமாக ரசிக்கலாம் என்பேன். எந்த நிறுவனத்தின் ரெஸ்லிங்கை என்பதில்தான் யோசனை தேவை. நான் ஒப்பிட்டுப் பார்த்தவை மூன்று: அமெரிக்காவின் டபிள்யூடபிள்யூஈ, அதே நாட்டின் ஏஇடபிள்யூ, பெண்கள் மட்டுமே மோதும் ஜப்பானிய ஸ்டார்டம். கடைசியில் ஸ்டார்டம் சந்தாவைத்தான் வைத்துக்கொண்டேன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

பெண்கள் அடித்துக்கொள்வதை ரசிப்பது சரியா என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ரெஸ்லிங்கில் அடி என்பது இருவரும் சேர்ந்து செய்யும் வேலை. எதிராளியைத் தூக்கிப் பின்பக்கமாகச் சாய்த்து வீழ்த்தும் சப்ளெக்ஸில், தூக்கப்படுகிறவள் சரியான நொடியில் தானும் எம்பிக் கொடுத்தால்தான் தூக்குகிறவளால் அவளை மேலே கொண்டுபோக முடியும். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி, மேல்முதுகைத் தட்டையாகப் பதித்து, கைகளால் தளத்தை அறைந்து அதிர்ச்சியைப் பரப்புகிறாள். ஒருத்தியின் கழுத்து இன்னொருத்தியின் கையில் இருக்கிறது, இருவரும் அதற்குச் சம்மதித்தே ரிங்குக்குள் வருகிறார்கள். இது புரிந்தபின் உறுத்தல் வேறிடத்துக்கு நகர்கிறது: நிறுவனம் பெண்களை எப்படி நடத்துகிறது, அவர்களுக்கு என்ன கதை தருகிறது?

பழைய டபிள்யூடபிள்யூஈ என்ன செய்தது என்பது ஊரறிந்தது. எதிராளியின் உடையை உருவினால் வெற்றி என்று ஆட்டங்கள் நடத்தினார்கள். 2001 மார்ச்சில் வீராங்கனை ட்ரிஷ் ஸ்ட்ராட்டஸை ரிங்கின் நடுவே மண்டியிட்டு நாய்போல் குரைக்க வைத்தார் நிறுவனத் தலைவர் வின்ஸ் மெக்மஹன். 2015 பிப்ரவரியில் பெண்களின் ஜோடி ஆட்டம் ஒன்று அரை நிமிடத்தில் முடிய, 'கிவ் திவாஸ் எ சான்ஸ்' என்ற ஹேஷ்டேக்கோடு ரசிகர்கள் கொதித்தார்கள் (வீராங்கனைகளை அப்போது அங்கே 'திவா' என்றுதான் அழைத்தார்கள்). அடுத்த ஆண்டு, நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், 'திவா' பட்டமும் வண்ணத்துப்பூச்சி பெல்ட்டும் ஒழிந்தன. 2019இல் பெக்கி லிஞ்ச், ரோண்டா ரௌசி, சார்லட் ஃப்ளேர் மூவரும் ரெஸில்மேனியாவின் நிறைவாக வரும் முதன்மை ஆட்டத்தை ஆடினார்கள். மாற்றம் உண்மையானது, அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்று உண்டு. தோற்றவளுக்கு அடுத்த வாரம் என்ன கிடைக்கிறது?

ஏன் வென்றவளை விட்டுவிட்டுத் தோற்றவளைப் பார்க்க வேண்டும்? சாம்பியனைப் பெரிதாகக் காட்டுவது எந்த நிறுவனத்துக்கும் எளிது. போஸ்டரில் ஒரு முகம், நுழையும்போது பட்டாசு, அறிவிப்பாளரின் குரலில் 'வரலாறு', அவ்வளவு போதும். ஒரு நிகழ்ச்சியில் ஆண்களுக்கு ஐந்தாறு ஆட்டம், பெண்களுக்கு ஒன்று என்று இருந்தால் அந்த ஒன்றில் சாம்பியனும் சவாலிடுகிறவளும்தான் இடம்பெற முடியும். தோற்ற ஆணுக்கு இன்னொரு பெல்ட், இன்னொரு பகை, ஒரு ஜோடி அணி, ஒரு நகைச்சுவைப் பாத்திரம் என்று எங்காவது இடம் கிடைக்கும். தோற்ற பெண் பல வாரம் திரையிலேயே இருக்க மாட்டாள். அவள் திரும்பி வரும்போது பழைய கதையை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். கிழம், கோமாளி, பூதம், கற்றுக்குட்டி, துரோகி என்று ஆண்களுக்கு வாய்க்கும் அத்தனை பாத்திரங்களும் பெண்களுக்கு வர வேண்டுமானால் அட்டவணையில் இடம் வேண்டும். ஒரே ஆட்டத்தின்மேல் பெண்ணினம் முழுவதையும் ஏற்றி வைத்தால், அந்த ஆட்டம் சொதப்பும் இரவில் 'பெண்கள் ரெஸ்லிங்கே இப்படித்தான்' என்பார்கள். ஆண்களின் மோசமான ஆட்டத்துக்கு அப்படி யாரும் சொல்வதில்லை.

ஸ்டார்டத்தில் முதல் ஆட்டம் தொடங்கிக் கடைசி ஆட்டம் வரை பெண்கள்தான். உச்ச சாம்பியனுக்குச் சிவப்பு பெல்ட், அதோடு சரிக்குச் சரி நிற்கும் வெள்ளை பெல்ட், ஜோடிகளுக்கு ஒன்று, மூவர் அணிக்கு ஒன்று, வேக ஆட்டத்துக்கு 'ஹை ஸ்பீட்', புதியவர்களுக்கு 'ஃபியூச்சர்' என்று படிகள் இருக்கின்றன. சிவப்பு பெல்ட்டுக்குத் தோற்றவள் அடுத்த ஊரில் தன் அணியோடு மூவர் பெல்ட்டுக்கு மோதுவாள், தோல்வி அவளுடைய கதையில் ஒரு அத்தியாயமாகத் தொடரும். ஆண்டுதோறும் நடக்கும் ஃபைவ் ஸ்டார் கிராண்ட் பிரீ தொடரில் வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1. முதல் நாள் தோற்றவளும் கடைசி வாரம் வரை கணக்கில் இருக்கிறாள்.

ஆட்ட நேரமும் இதிலிருந்தே வருகிறது. 2021 ஜூன் 12 அன்று உதாமி ஹயாஷிஷிதாவும் ஷியூரியும் சிவப்பு பெல்ட்டுக்கு மோதியபோது 30 நிமிட வரம்பு தீர்ந்தது. ஆட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். 43 நிமிடம் கடந்து இருவரும் எழ முடியாமல் சமனில் முடிந்தது. இரண்டு பெண்களின் களைப்பையே கதையாக்கி, அதற்கு முக்கால் மணி நேரம் கொடுப்பதற்கு ஒரு நம்பிக்கை வேண்டும். 2025 ஏப்ரலில் யோகோஹாமா அரீனாவில் தோற்பவள் ஓய்வு பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு தாம் நகானோவும் சாயா காமிதானியும் மோதினார்கள். நகானோ தோற்று விடைபெற்றார். அன்றைய பெருநிகழ்வே ஒரு பெண்ணின் தோல்விதான். அதற்கான பாதையைப் பல மாதம் பொறுமையாகப் போட்டிருந்தார்கள்.

ஸ்டார்டத்தின் குறைகளும் சிறியவை அல்ல. மேலிடத்தில் முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். 2019 இறுதியிலிருந்து உரிமை புஷிரோட் என்ற ஜப்பானியக் கேளிக்கைக் குழுமத்திடம் இருக்கிறது. வீராங்கனைகளின் புகைப்பட நூல்களும், காசு கொடுத்து உடன் நின்று எடுக்கும் படங்களும் வருமானத்தில் சேர்கின்றன, பார்வையாளர்களிலும் ஆண்கள் அதிகம். 1980களில் சிகுசா நகாயோவும் லயனஸ் அசுகாவும் 'கிரஷ் கேல்ஸ்' ஜோடியாக ஆடியபோது அரங்கை நிறைத்தவர்கள் பள்ளிக்கூடப் பெண்கள். அந்தக் கூட்டம் இன்று அங்கே இல்லை என்பது எனக்கு வருத்தம். சிலர் பத்துப் பதினோரு வயதிலேயே ரிங்குக்குள் வந்திருக்கிறார்கள், அதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. 2015 பிப்ரவரி 22 அன்று யோஷிகோ, ஆக்ட் யாசுகாவாவை நிஜமாகவே அடித்து முக எலும்புகளை உடைத்தார். மேலே சொன்ன சம்மதம் முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி. 2020 மே மாதம் ஸ்டார்டம் வீராங்கனை ஹனா கிமுரா இணைய வசைக்குப் பின் 22 வயதில் இறந்தார். வீராங்கனைகளைப் பற்றி எதையும் எழுதலாம் என்று நினைக்கும் ரசிகர்கள் அந்தப் பெயரை மறக்கக் கூடாது.

பெண்ணே முதலாளியாக இருக்கும் இடம்தான் வேண்டும் என்றால் மெய்கோ சதோமுரா வளர்த்த செண்டாய் கேர்ள்ஸ், சிகுசா நகாயோவின் மார்வலஸ் இரண்டும் உண்டு. இரண்டிலும் நான் பார்த்தது கொஞ்சம்தான். ஆட்டத்தின் தரம் உயர்வு என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

டபிள்யூடபிள்யூஈக்கு வசதிதான் முதல் பலம். இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் நெட்ஃபிளிக்ஸில் வருவதால் தனிச் சந்தா வேண்டாம், வேண்டாத பகுதிகளைத் தள்ளிவிட்டுப் பார்க்கலாம். என் அளவுகோலிலும் அவர்கள் முன்னேறியிருக்கிறார்கள். பெண்களுக்கு 2019இல் ஜோடி பெல்ட் வந்தது, 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் இரண்டாம் நிலை பெல்ட்கள் வந்தன. ஒரு பெண் தோற்ற பிறகும் கதை தொடர இப்போது வாய்ப்பு இருக்கிறது. ஆனால் பணம் போகும் திசையைப் பார்த்தால் கை தயங்குகிறது. 2018இல் சவூதியில் நடத்திய இரண்டு பெரிய நிகழ்ச்சிகளிலும் ஒரு பெண்கூட மோதவில்லை. 2019 அக்டோபரில்தான் நடாலியாவும் லேசி எவன்ஸும், உடல் முழுக்க மூடிய உடையில், அங்கே முதன்முதலாக மோதினார்கள். முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டோடு வழக்குத் தொடுத்தபின் 2024 ஜனவரியில் மெக்மஹன் பதவி விலகினார். அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். ரெஸ்லர்கள் இன்றும் ஊழியர்களாகக் கணக்கில் வருவதில்லை, தனி ஒப்பந்தக்காரர்கள்தான்.

ஏஇடபிள்யூவின் பேச்சு நன்றாக இருக்கிறது. திருநங்கையான நைலா ரோஸ் 2020 பிப்ரவரியில் அங்கே பெண்கள் உலகப் பட்டம் வென்றார். 2021 மார்ச்சில் பிரிட் பேக்கரும் தண்டர் ரோசாவும் ரத்தம் வழிய ஆடிய ஆட்டத்தைத் தவறவே விடாதீர்கள். அட்டவணைதான் சறுக்கல். அவர்களுடைய இரண்டு மணி நேர வார நிகழ்ச்சியான டைனமைட்டில் பெண்களுக்கு ஒரே ஆட்டம் என்பதே நீண்ட காலம் வழக்கமாக இருந்தது. பெல்ட்களும் பல ஆண்டுகள் இரண்டுதான். டோனி ஸ்டார்ம் போன்ற வீராங்கனை அதற்குள்ளேயே அற்புதமான பாத்திரத்தை உருவாக்கினார் என்றால் அந்தப் பெருமை அவருக்கே உரியது.

என் முடிவை அப்படியே ஏற்க வேண்டாம். ரெஸ்லிங் முடிவுகளைத் தொகுக்கும் கேஜ்மேட்ச் தளத்தில் பெரும்பாலான ஆட்டங்களின் நேரம் பதிவாகிறது. நான்கு வார நிகழ்ச்சிகளை எடுத்து, பெண்களின் ஆட்டம் எத்தனை, மணி அடித்து மணி அடிக்கும்வரை எத்தனை நிமிடம் என்று கூட்டுங்கள். நுழைவு நேரத்தைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் கணக்கு ஊதிவிடும். பிறகு முதல் வாரம் தோற்ற பெண்களின் பெயரை எழுதிவைத்து, அடுத்த மூன்று வாரத்தில் யார் திரும்பி வருகிறார்கள், அந்தத் தோல்வியை யாராவது பேசுகிறார்களா என்று பாருங்கள். ஒரு பெரிய நிகழ்ச்சியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் எந்த நிறுவனமும் நல்லதாகவே தெரியும், வார நிகழ்ச்சிதான் உண்மையைச் சொல்லும்.

ஸ்டார்டத்தின் இணையச் சேவையான ஸ்டார்டம் வேர்ல்டுக்குச் சந்தா எடுப்பவர்களுக்கு மொழி ஒரு தடை. பெரிய நிகழ்ச்சிகளுக்கு ஆங்கில வர்ணனை கிடைக்கும், சிறிய ஊர் நிகழ்ச்சிகளிலும் மேடைக்குப் பின்னாலான பேச்சுகளிலும் ஜப்பானிய மொழிதான். அதனால் முதலில் அணிகளைக் கற்றுக்கொள்ளுங்கள்: யார் யாரோடு, யாருக்கு யார் துரோகம் செய்தார் என்பது தெரிந்தால் பாதிக் கதை புரிந்துவிடும். 2021 ஜூன் 12 ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். நகானோவின் கடைசி ஆட்டத்துக்கு முன், 2024 டிசம்பர் 29 அன்று டோக்கியோவின் ரியோகோகுவில் காமிதானி அவரிடமிருந்து சிவப்பு பெல்ட்டைப் பறித்த ஆட்டத்தைப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் போனால் யோகோஹாமாவில் அவர்கள் ஏன் அப்படி மோதிக்கொண்டார்கள் என்பது புரியாது.