குலசேகரம் மழையும் என் மீன் தொட்டி ஹீட்டரும்: ஐந்து வருட அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மீன் தொட்டிக்கு ஹீட்டரா என்று சிரிப்பவர்கள் பெரும்பாலும் நாகர்கோவில்காரர்கள், இல்லையென்றால் கடற்கரைக்காரர்கள். அவர்கள் சிரிப்பதில் தப்பில்லை. நான் இருப்பது குலசேகரம் பக்கம். வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம், மேலே ஓடு. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்தால் துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே ஒரு ஃபைட்டர் மீன், எம்பர் டெட்ரா என்னும் குட்டி மீன் பத்துப் பன்னிரண்டு, அடியில் மேயும் கோரி மீன் நாலு. 25, 26 டிகிரி இருந்தால் எல்லாருக்கும் சுகம்.

முதல் வருடம் ஹீட்டர் இல்லாமல்தான் ஓட்டினேன். ஜூனில் மழை தொடங்கியதும் சாயங்காலம் 27 காட்டிய தெர்மாமீட்டர் விடியற்காலையில் 24 காட்டியது. தொட்டிக்கு மூடி கிடையாது, ஹாலில் இரவு முழுக்க ஃபேன் வேறு. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தொட்டியைப் பார்த்து நினைவுக்கு வரவில்லை. இதற்கு நடுவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடித் தொட்டித் தண்ணீரை அப்படியே பிடித்து பாதித் தண்ணீர் மாற்றினேன். 22-க்கு இறங்கியது. நாலாவது நாள் டெட்ராக்களின் மேல் உப்புத் தூவியது போல் வெண்புள்ளி. ஐந்து மீன் போனது. குளிர் அந்த நோயைக் கொண்டுவருவதில்லை, அதற்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. திடீரென்று குளிர்ந்தால் மீன் தளர்ந்துவிடும், ஒட்டுண்ணிக்குக் கொண்டாட்டம், அவ்வளவுதான்.

அன்றைக்கு ஹீட்டர் வாங்கக் கிளம்பினேன். அம்மா வாசலில் நின்று, "மனுசனுக்கே இங்க பச்சத் தண்ணி, மீனுக்கு வெந்நி போடப் போறியால?" என்றாள். கடையில் 50 வாட்டும் இருந்தது, 100 வாட்டும் இருந்தது. "பெருசாப் போட்டா சீக்கிரம் சூடாகும்ணே" என்றார் கடைப் பையன். எனக்கும் அது சரியாகவே பட்டது. 100 வாட் வாங்கினேன். என் முதல் பெரிய தப்பு அதுதான்.

முதலில் அதன் திருகில் உள்ள டிகிரி அளவை நம்ப முடியவில்லை. 26 வைத்தால் தண்ணீர் 28-இல் நின்றது. கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே தொங்கவிட்டு, 24-இல் வைத்தால் 26 வரும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். தொட்டிக்கு வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டர், பாதிக்குப் பாதி அறையின் வெப்பத்தைத்தான் சொல்லும், வாங்காதீர்கள்.

பதினாலு மாதம் ஒழுங்காக ஓடியது. இந்த மாதிரி ஹீட்டருக்குள் இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு பட்டை சூட்டில் வளைந்து கரண்டைத் துண்டிக்கும். தினமும் பலமுறை சேர்ந்து பிரிந்து, பொறி பட்டுப் பட்டு, ஒரு நாள் அந்த முனைகள் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலைக்குப் போயிருந்தபோது. திரும்பி வரும்போது தண்ணீர் 34. சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். காற்றை மேலே வந்து குடிக்கத் தெரிந்த ஃபைட்டர் பிழைத்தது. டெட்ரா ஒன்றுகூட இல்லை. கோரியும் மேலே வந்து காற்றுக் குடிக்கும்தான், ஆனால் இரண்டுதான் மிஞ்சியது. 50 வாட் என்றால் அதே எட்டு மணி நேரத்தில் பாதிச் சூடுதான் ஏறியிருக்கும். லிட்டருக்கு ஒரு வாட் என்பது பொதுக் கணக்கு. நம் ஊருக்கு அதுவே தாராளம்.

இப்போது மூன்றரை வருடமாக 50 வாட் ஹீட்டரும், சென்சார் வைத்த தனி கன்ட்ரோலரும். தண்ணீரில் கிடக்கும் சென்சாரைப் பார்த்து கன்ட்ரோலர் ஹீட்டரை 26-இல் நிறுத்தும். ஹீட்டரின் சொந்தத் திருகை 28 டிகிரி அளவில் வைத்திருக்கிறேன். ஒன்று ஒட்டிக்கொண்டால் இன்னொன்று நிறுத்தும். இது வீண் பயம் இல்லை. போன வருடம் அக்கா மகன் சென்சார் வயரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிட்டான். வெளிக்காற்றின் குளிரைப் பார்த்து கன்ட்ரோலர் ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருந்தது. இரவில் பார்க்கும்போது தண்ணீர் 28, அதற்கு மேல் போகவில்லை. மறுநாளே வயரைக் கிளிப் போட்டு இறுக்கினேன்.

தண்ணீர் மாற்றும் முன் பிளக்கைப் பிடுங்கிப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஒருமுறை மறந்தேன். தண்ணீர் மட்டம் இறங்கி, வெளியே தெரிந்த ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் பட்டென்று விரிசல் விட்டது. அப்போது தொட்டிக்குள் கை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துத்தான் அந்த லைனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி போட்டேன்.

இதற்கெல்லாம் மேலாக எனக்கு உதவியது ஹீட்டரே இல்லை. மேலே ஒரு கண்ணாடி மூடி, பின்னாலும் அடியிலும் தெர்மாகோல். மூடி போட்ட பிறகு ஹீட்டர் எரியும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. 50 வாட் ஹீட்டர் 20 மணி நேரம் விடாமல் எரிந்தால்தான் ஒரு யூனிட். என் வீட்டில் மழை நாளில்கூட இரவில் விட்டு விட்டுத்தான் எரிகிறது. மார்ச் முதல் மே வரை பிளக்கைப் பிடுங்கியே வைத்திருப்பேன்.

காற்றடித்து ரப்பர் கிளை லைனில் விழுந்தால் இங்கே மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. 2017-இல் ஒக்கி புயல் வந்துபோன பிறகு வாங்கிய இன்வெர்ட்டர் இருக்கிறது. அதில் காற்று மோட்டாரை மட்டும் ஓட்டுவேன், ஹீட்டரை இல்லை. தொட்டி மேல் பழைய போர்வையைப் போர்த்தினால் ஒரு இரவுக்கு ஒரு டிகிரிதான் இறங்குகிறது.

தண்ணீர் மாற்ற இப்போது கிணற்று நீர்தான். மார்கழி விடியலில் மாடித் தொட்டி நீர் கையை விறைக்க வைக்கும்போதும் கிணற்று நீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். வாளியில் பிடித்துத் தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்துவிட்டு மெதுவாக ஊற்றுவேன்.

குளச்சலில் இருக்கும் மச்சான் என் செட்டப்பைப் பார்த்து அதே மாதிரி ஒன்று வாங்கித் தரச் சொன்னார். முதலில் தெர்மாமீட்டர் மட்டும் கொடுத்து, ஆடி மாதம் முழுக்க விடியற்காலை அளவை எழுதி வைக்கச் சொன்னேன். 26-க்குக் கீழே ஒரு நாளும் போகவில்லை. ஹீட்டர் காசில் கோரி வாங்கிவிட்டார்.