ஊர்க்காவல் படையா, போலீஸ் நண்பர்கள் குழுவா?

காவலருக்குத் தோள் கொடுக்கத் தமிழ்நாட்டில் இரண்டு வழிகளை முயன்று பார்த்தார்கள். ஒன்று ஊர்க்காவல் படை, அதாவது சீருடையோடு போலீசுக்கு உதவும் தன்னார்வலர் படை. இன்னொன்று 1993இல் ராமநாதபுரத்தில், பிரதீப் பிலிப் எஸ்.பி.யாக இருந்தபோது தொடங்கிய போலீஸ் நண்பர்கள் குழு.

படைக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. காக்கி, பயிற்சி, அணிவகுப்பு, பணி நாளுக்குப் படி எல்லாம் உண்டு. படையை வழிநடத்தும் ஏரியா கமாண்டர் என்ற பொறுப்புகூட கௌரவப் பதவிதான். பணிக்கு அழைத்தால் போலீஸ்காரருக்குரிய அதிகாரமும் பாதுகாப்பும் கிடைக்கும். கூடவே, தவறினால் நடவடிக்கையும் வரும். திருவிழாக் கூட்டத்தில் கயிறு பிடித்து நிற்பவர் யாருடைய உத்தரவில் நிற்கிறார் என்பதில் குழப்பமே இல்லை.

நண்பர்கள் குழுவின் நோக்கம் வேறு. மக்களுக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே பேச்சுவார்த்தை வளர வேண்டும், அவ்வளவுதான். அதிகாரம் ஏதும் கிடையாது. காகிதத்தில் அழகான யோசனைதான்! ஆனால் லத்தியோடு வாகனத்தை மறிக்கும் குழு இளைஞரைப் பார்ப்பவர், அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டா இருப்பார்? 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தந்தையும் மகனும் இறந்த விவகாரத்தில் இக்குழுவினர்மீதும் புகார் எழ, ஜூலையில் அரசு தடை விதித்தது.

என் ஓட்டு படைக்கே. படி குறைவு என்ற முணுமுணுப்பு அங்கேயும் உண்டு, அது தனிக்கதை. நண்பர்கள் குழு மறுபடி வருவதானால், ரோந்தும் சோதனைச் சாவடியும் அதன் பக்கமே போகக் கூடாது.