இலவசச் சான்றிதழுக்கு 14,000 ரூபாய் கொடுத்த கதை

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் நாங்கள் நடத்தும் தமிழ் வாசகசாலைக்குச் சிறிய இணையதளம் ஒன்று உண்டு. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை விண்ணப்பமும் அதிலேயே இருப்பதால், பெற்றோரின் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதன் வழியாகத்தான் எங்களுக்கு வருகின்றன. 2018 ஜூலையில் வெளியான குரோம் 68 முதல், குறியாக்கம் (வழியில் பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்பும் முறை) இல்லாத தளங்கள் எல்லாவற்றையும் அந்த உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று குறித்துவருகிறது. எங்கள் தளம் ஆறு ஆண்டுகள் அந்த முத்திரையோடுதான் கிடந்தது. அது எங்கள் சோம்பல், அதில் பிறரைக் குறை சொல்வதற்கில்லை.

2024 ஜூனில், வேலந்தாவளம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்த தள வடிவமைப்பாளர் ஒருவர், “மூணு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம் சார்” என்று சொல்லி, அந்தக் குறியாக்கத்துக்காகத் தளத்தில் பொருத்தும் மின்சான்றுக்கு ‘எஸ்எஸ்எல் சான்றிதழ், 3 ஆண்டு’ என்று பில் எழுதிக்கொடுத்து 14,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அன்று மாலையே முகவரியின் தொடக்கம் எச்டிடிபி என்பதிலிருந்து, குறியாக்கம் உண்டு என்று காட்டும் எச்டிடிபிஎஸ் என்று மாறிவிட்டதால், செயற்குழுவில் அவருக்கு நன்றிகூடத் தெரிவித்தோம்.

ஓணத்திற்கு நான்கு நாள் இருக்கையில், விண்ணப்பிக்கப் போன ஒரு தாயிடம் அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) இருந்தவர் திரையில் வந்த எச்சரிக்கையைத் திருப்பிக் காட்டி, “இது தட்டிப்பு சைட்டாணு சேச்சி” (இது மோசடித் தளம் அக்கா) என்று சொல்லி அனுப்பிவிட்டார். வடிவமைப்பாளரை அழைத்தால், “ரினீவல் சார்ஜ் 2,500 ஆகும் சார்” என்ற பதில் வந்தது.

கோவையில் கணினி படிக்கும் உறுப்பினர் மகள் ஒருத்திதான் முகவரிப் பட்டையில் தட்டிச் சான்றிதழைத் திறந்து காட்டினாள். வழங்கியவர் என்ற இடத்தில் லெட்ஸ் என்கிரிப்ட் என்றும், ஜூன் 12 தொடங்கி செப்டம்பர் 10 வரை செல்லும் என்றும் இருந்தது. அது காலாவதியானதால்தான் அந்த எச்சரிக்கை. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் எவருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்கிவரும் இலாப நோக்கற்ற அமைப்பு. அதன் சான்றிதழ் அப்போது 90 நாளைக்குத்தான் செல்லும் என்பதால், காலாவதிக்கு முன்பே தானாகப் புதுப்பித்துக்கொள்ள செர்ட்பாட் போன்ற இலவச மென்பொருள்கள் உள்ளன. மேலும், 2020 செப்டம்பர் 1 முதல் வழங்கப்பட்ட எந்தச் சான்றிதழும் 398 நாளுக்கு மேல் இருந்தால் உலாவிகள் அப்போது ஏற்கவில்லை. ஆக, மூன்றாண்டுச் சான்றிதழ் என்று ஒன்று அன்று சந்தையிலேயே கிடையாது. வடிவமைப்பாளர் தன் உழைப்புக்குக் கூலி கேட்டிருந்தால் மனமுவந்து கொடுத்திருப்போம். விலையில்லாத பொருளை விலைக்கு வாங்கித் தந்ததாகப் பில் போட்டதும், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்கே மறுபடி காசு கேட்டதும்தான் பொறுக்கவில்லை.

இதைவிடப் பெரிய கோளாறு விண்ணப்பப் படிவத்தில் இருந்தது. பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில் திறந்தாலும், ‘சமர்ப்பி’ பொத்தான் விவரங்களைப் பழைய எச்டிடிபி முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. அதாவது, வழியில் இருக்கும் எவரும் படிக்கும்படியாக வங்கிக் கணக்கு எண்கள் அந்த மூன்று மாதமும் திறந்த அஞ்சலட்டைபோல் போய்க்கொண்டிருந்தன. அந்த முகவரியில் சேர்க்க வேண்டியது ‘எஸ்’ என்ற ஒரே ஓர் எழுத்து.

சர்வரின் கடவுச்சொல்லை அவரிடமிருந்து கேட்டு வாங்கவே நான்கு நாள் ஆயிற்று. அது கைக்கு வந்தபின், புதிய சான்றிதழ், தானியங்கிப் புதுப்பிப்பு, படிவ முகவரித் திருத்தம் எல்லாவற்றையும் அந்தப் பெண் ஒரே மாலையில் முடித்துவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்டு நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. அந்த பில் வாசகசாலைக் கணக்குக் கோப்பில் இருக்கிறது. அக்கம்பக்கத்து அமைப்பினர் யாரேனும் இதே வாசகத்தில் பில் வாங்கியிருந்தால், வந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.